பிடி அரிசியும் நல்ல பொறுப்பாளரும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் உக்கிராண அறை என்று ஒன்று இருக்கும். அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் டின், வெல்லம், காய்கறி எல்லாம் அதற்குள் இருக்கும். அதன் சாவியைக் கண்டவர் கையில் கொடுக்க மாட்டார்கள். சொந்தத்தில் ஒருவரைப் பார்த்து, "மாமா, உக்கிராணத்தை நீங்க பாத்துக்கோங்க" என்று ஒப்படைப்பார்கள். அந்த மாமா பாடு பெரும்பாடு. சமையல்காரர் கேட்பதை அளந்து கொடுக்க வேண்டும். வீணாகவும் கூடாது, பற்றாமலும் போகக் கூடாது. அறையில் இருக்கும் ஒரு பொருளும் அவருடையது அல்ல. ஆனால் எல்லாப் பொருளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் ஊர் அவரைப் பற்றிப் பேசும். நான்கு மூட்டை அரிசியை மிச்சம் பிடித்தார் என்று யாரும் அவரைப் புகழ்வதில்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்த ஏழைப் பாட்டிக்கும் இலையில் சோறு விழுந்ததா என்றுதான் கேட்பார்கள்.

லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்தில் வரும் உவமையை நாம் திருப்பலியில் வாசிக்கும்போது 'வீட்டுப் பொறுப்பாளர்' என்று வாசிக்கிறோம். சீர்திருத்தச் சபைச் சகோதரர்கள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அந்த மனிதருக்கு 'உக்கிராணக்காரன்' என்று பெயர். மொழிபெயர்த்தவர்கள் நம் வீட்டுச் சொல்லையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆண்டவர் சொன்ன இலக்கணம்

நல்ல பொறுப்பாளர் யார் என்பதை ஆண்டவர் இயேசு 12ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். தலைவர் ஒருவர் தம் வீட்டாரையெல்லாம் ஒரு பணியாளருடைய கையில் ஒப்படைக்கிறார். எதற்காக? வேளாவேளைக்கு அவரவர் பங்கு உணவை அளந்து கொடுப்பதற்காக. தலைவர் திரும்பி வரும்போது அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறவர் பேறுபெற்றவர் (லூக் 12:42-43). இதில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள். பொருள் வேறொருவருடையது. அது வீட்டார் எல்லாருக்கும் பங்காகப் போய்ச் சேர வேண்டும். அதுவும் காலம் தவறாமல் போய்ச் சேர வேண்டும். நான்காவது காரியம் 16ஆம் அதிகாரத்தில் வருகிறது: ஒரு நாள் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

நம்மில் பலர், நல்ல பொறுப்பாளர் என்றால் சிக்கனக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிக்கனம் நல்லதுதான். ஆனால் ஆண்டவர் அதை அளவுகோலாக வைக்கவில்லை. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வரும் சிக்கனக்காரர்தான். அவரை அதே 12ஆம் அதிகாரத்தில் கடவுள் அறிவிலி என்றே அழைக்கிறார். வீட்டார் வேளைக்குச் சாப்பிட்டார்களா என்பதே தலைவரின் கேள்வி.

இந்த இலக்கணத்துக்கு உதாரணம் தேடி நாம் எருசலேமுக்கோ உரோமைக்கோ போக வேண்டியதில்லை. நம் எம். புதுப்பட்டியிலிருந்து பேருந்தில் ஏறினால் போய்ச் சேரக்கூடிய விருதுநகரிலேயே ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. இன்று அதைச் சொல்ல விரும்புகிறேன். அது நம் திருச்சபையின் வரலாறு அல்ல. ஆனால் அதிலிருந்து திருச்சபை கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மூட்டைக்கு ஒரு மகமை

விருதுநகருக்கு முன்பு விருதுபட்டி என்று பெயர். 1923இல்தான் விருதுநகர் ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி என்று ஆறு ஊர்களில் நாடார் வணிகர்கள் குடியேறித் தொழில் செய்தார்கள். அன்றைக்குச் சாலைகளில் பாதுகாப்பு இல்லை. கருப்பட்டியும் பஞ்சும் ஏற்றிய மாட்டுவண்டிகள் இரவில் வழிப்பறிக்கு ஆளாகும். ஆகவே அவர்கள் சுற்றுச்சுவர் வைத்துப் 'பேட்டை'களைக் கட்டினார்கள். வண்டியை அவிழ்த்துவிட, சரக்கை இறக்கி வைக்க, தண்ணீர் குடிக்க, தூங்கி எழ ஓர் இடம்.

பேட்டை கட்டவும் பராமரிக்கவும் பணம் வேண்டுமே! அதற்குத்தான் 'மகமை' என்ற ஏற்பாடு. விற்கிற மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வணிகரும் ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்கு ஒதுக்கிவிட வேண்டும். பெரிய வியாபாரியும் கொடுப்பார், சிறிய வியாபாரியும் கொடுப்பார். அதிகமாக விற்றவர் அதிகமாகக் கொடுப்பார். உறவின்முறை என்ற ஊர்ச்சபை அந்த நிதியை நிர்வகித்தது. அதிலிருந்து கிணறு வெட்டினார்கள், சத்திரம் கட்டினார்கள், பிறகு பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

இதை ஏன் பொறுப்பாளர் தன்மை என்கிறேன்? தர்மம் செய்கிறவர் லாபத்தை எண்ணிப் பார்த்து, வீட்டுச் செலவு போக, மனம் இருந்தால் கொடுப்பார். மகமை அப்படி இல்லை. மூட்டை கை மாறும்போதே ஒரு பங்கு ஊருடையதாகிவிடுகிறது. அது என் பணம், நான் கொடுக்கிறேன் என்ற எண்ணத்துக்கே அங்கு இடம் இல்லை. இஸ்ரயேல் மக்களுக்கு மோசே கொடுத்த சட்டமும் இப்படித்தான்: வயலின் ஓரத்துக் கதிரை அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியருக்கும் உரியது என்கிறது (லேவி 19:9-10). ஏழை வந்து பொறுக்குவது நிலக்காரர் போடும் பிச்சை அல்ல. அது அவருடைய பங்கு.

மகமையை நிறுவியவர்கள் வசதியான காலத்தில் இருந்து அதைச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அன்று அவர்கள் கோயில்களுக்குள் நுழைய முடியாத சமூகம். அந்த உரிமைக்காக நீதிமன்றங்களுக்கு அலைந்தார்கள். கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அங்கும் தோற்றார்கள். 1899இல் சிவகாசியில் நடந்த கலவரத்தில் உயிர்களும் வீடுகளும் போயின. அந்த ஆண்டுகளில்தான் அவர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். 'எனக்கே இல்லை, நான் எங்கே கொடுப்பது?' என்று நாம் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

கூட்டாளி யார், வெளியாள் யார் என்ற எல்லைக்கோடு இத்தகைய ஏற்பாடுகளில் உண்டு. தன் சாதிக்கு மட்டும் என்று சுருங்கிவிடும் ஆபத்தும் உண்டு. அந்த ஆபத்து நம் பங்குகளிலும் இல்லாமல் இல்லை. நம் சில ஊர்களில் கல்லறை வரைக்கும் அது வந்திருக்கிறது. ஆனால் விருதுபட்டி மகமையிலிருந்து பிறந்த ஒரு பள்ளிக்கூடம் அந்த எல்லையைத் தாண்டிப் பலன் தந்தது.

பானையில் விழுந்த ஒரு பிடி

1889இல் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. மகமைப் பணம் அதற்கு அடித்தளம். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்காமல் பள்ளியை நடத்த வேண்டும் என்பதற்காக 'பிடி அரிசி' என்று ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். வீட்டில் அம்மா உலை வைக்க அரிசி எடுக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார். வீடு வீடாக வந்து அதைச் சேகரித்துக்கொண்டு போவார்கள். அந்த அரிசியைப் பணமாக்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள்.

அளந்த அரிசியிலிருந்து எடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மிஞ்சிய சோற்றைக் கொடுப்பது வேறு; உலையில் போடும் முன்பே எடுத்து வைப்பது வேறு. ஒரு பிடி குறைந்ததால் அந்த வீட்டில் யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் நூறு வீட்டுப் பிடி சேர்ந்தால் ஒரு வகுப்பறைக்குக் கூரை ஆகிறது. மகமையில் கையெழுத்துப் போட்டவர்கள் ஆண்கள். பிடி அரிசி முழுக்கப் பெண்களின் கணக்கு. அவர்களுடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பள்ளிக்கூடம் நின்றது அவர்கள் கையால்.

இங்கே நமக்கு முதல் அரசர் நூலில் வரும் சாரிபாத்து ஊர்க் கைம்பெண் நினைவுக்கு வர வேண்டும். பஞ்ச காலம். அவரிடம் இருந்தது பானையில் ஒரு கைப்பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும்தான். அதைச் சுட்டுத் தானும் மகனும் தின்றுவிட்டுச் சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார். இறைவாக்கினர் எலியா, முதலில் எனக்கு ஒரு சிறிய அப்பம் கொண்டுவா என்கிறார். அவர் கொண்டுவந்தார். பஞ்சம் தீரும் வரை பானையில் மாவு குறையவில்லை (1 அர 17:8-16). அந்தப் பெண் இஸ்ரயேல் குலத்தைச் சேர்ந்தவர் அல்ல, சீதோன் நாட்டுப் பெண். நம் ஆண்டவர் நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் அதை எடுத்துச் சொன்னபோது, கேட்டவர்களுக்குக் கோபம் வந்து அவரை மலையிலிருந்து தள்ளப் பார்த்தார்கள் (லூக் 4:25-29). கடவுள் நம் வேலிக்கு வெளியேயும் நல்ல பொறுப்பாளர்களைக் காண்கிறார் என்பது அன்றும் சிலருக்குப் பிடிக்கவில்லை.

பிடி அரிசி நம் நாட்டின் வடகிழக்கு மூலையிலும் உண்டு. மிசோரம் மாநிலத்தில் சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவப் பெண்கள் 1910ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைக்கிறார்கள். நூறு ஆண்டு தாண்டியும் அது நடக்கிறது. ஏழைகள் நிறைந்த ஒரு சபை தன் மறைபரப்புப் பணியைத் தன் கையாலேயே தாங்க அது பெருந்துணையாக இருந்து வருகிறது.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன்

பிடி அரிசியில் நடந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் படித்தான். 1903 ஜூலை 15ஆம் நாள் பிறந்தவன். சிறு வயதிலேயே தந்தை குமாரசாமி இறந்துபோனார். தாய் சிவகாமி அம்மாளால் குடும்பத்தை இழுக்க முடியவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போனான். அந்தப் பையன்தான் 1954 ஏப்ரலில் நம் மாநிலத்தின் முதலமைச்சரான கு. காமராசர்.

இங்கே நான் கட்சி பேசவில்லை. அதற்கு இந்த மேடை இடமும் அல்ல. ஒரு பொறுப்பாளர் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதை என்ன செய்தார் என்று மட்டும் பார்ப்போம்.

பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மீதி நேரம் குடும்பத் தொழிலிலும் இருக்க வேண்டும் என்று 1953இல் வந்திருந்த திட்டம் 1954இல் கைவிடப்பட்டது. ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்று இலக்கு வைத்து ஆயிரக்கணக்கில் பள்ளிகள் திறந்தார்கள். பள்ளி திறந்தும் பிள்ளைகள் வரவில்லை. மாடு மேய்க்கும் ஒரு பையனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று காமராசர் கேட்டதாகவும், போனால் சோறு நீ போடுவாயா என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஊர்தோறும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, கேள்வி உண்மையானது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது.

பள்ளியில் சோறு போடுவது அதற்கு முன்பே ஓரிடத்தில் நடந்திருந்தது. 1920இல் சென்னை மாநகராட்சி, தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு மாணவனுக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு செய்து மதிய உணவு கொடுத்தது. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. காமராசர் காலத்தில் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கி மதிய உணவு மாநிலம் முழுவதும் பரவியது. கருவூலத்தில் பணம் நிரம்பி வழிந்ததால் அது நடக்கவில்லை. அரசு ஒரு பங்கு போட்டது. ஊரார் ஒரு பங்கு போட்டார்கள். அரிசி, பருப்பு, விறகு, காய்கறி என்று பள்ளிக்கு வந்து சேர்ந்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, மக்களே தங்கள் பள்ளிக்கு வேண்டியதைக் கொண்டுவந்து கொடுக்கும்படி செய்தார். பிடி அரிசிப் பள்ளியில் படித்தவருடைய ஆட்சியில் பிடி அரிசி மாநிலம் முழுவதற்குமான பந்தியாக விரிந்தது.

அதன் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஆட்சிகள் மாறின, பந்தி நிற்கவில்லை. வேளாவேளைக்கு அவரவர் பங்கை அளந்து கொடுப்பது என்று ஆண்டவர் சொன்னாரே, அதன் பொருளை இந்த வரலாற்றைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது.

சாவியைக் கையில் வைத்திருந்தவர் தனக்கென்று என்ன எடுத்துக்கொண்டார்? விருதுநகர் வீட்டில் தன் தாய்க்கென்று தனிக் குடிநீர்க் குழாய் போட்டதைக் கேள்விப்பட்டு, தெருக்குழாயில் எல்லாரும் பிடிப்பது போலப் பிடிக்கட்டும் என்று அதை எடுக்கச் சொன்னார் என்பது அந்த ஊர் இன்னும் சொல்லும் செய்தி. ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்தவருக்குச் சென்னையில் சொந்த வீடு இல்லை. 1975 அக்டோபர் 2இல் வாடகை வீட்டில்தான் இறந்தார். சில வேட்டி சட்டைகளும் புத்தகங்களும் கொஞ்சம் ரூபாயும்தான் மிச்சம். பொறுப்பாளரிடம் எதிர்பார்க்கப்படுவது நம்பகமே என்று புனித பவுல் எழுதினார் (1 கொரி 4:2). அதற்கு நம் மாவட்டத்து மண்ணிலேயே ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது.

திருச்சபையின் உக்கிராணம்

அன்பார்ந்தவர்களே, நம் திருச்சபையின் தொடக்கமும் ஒரு பந்திப் பிரச்சினையோடு வந்ததுதான். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள். முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் அதை அற்பக் காரியம் என்று தள்ளவில்லை. நற்சான்று பெற்ற ஏழு பேரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள் (திப 6:1-6). சோறு அளந்து போடும் வேலைக்குத் தூய ஆவி நிறைந்தவர்களைத் தேடினார்கள் என்பதைக் கவனியுங்கள். 258ஆம் ஆண்டு உரோமையில் திருத்தொண்டராக இருந்த புனித லாரன்ஸ் அந்த வழியில் வந்தவர். சபையின் செல்வத்தை ஒப்படைக்கச் சொல்லி அதிகாரி மிரட்டியபோது, அவர் ஏழைகளையும் ஊனமுற்றவர்களையும் கூட்டி வந்து, இவர்களே எங்கள் செல்வம் என்று காட்டினார் என்று மரபு சொல்கிறது. அவர் கணக்கு ஒப்புவித்த விதம் அது.

ஆனால் விவிலியம் ஓர் எச்சரிக்கையையும் வைத்திருக்கிறது. எகிப்தில் யோசேப்பு நல்ல பொறுப்பாளர். செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்து, பஞ்சத்தில் நாட்டைக் காப்பாற்றினார். தொடக்க நூல் 41ஆம் அதிகாரத்தோடு நாம் வழக்கமாக நிறுத்திக்கொள்கிறோம். 47ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். பணம் தீர்ந்ததும் கால்நடைகளைக் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்ததும் நிலத்தையும் தங்களையும் கொடுத்துப் பார்வோனுக்கு அடிமைகளானார்கள். சோறு கிடைத்தது, சுதந்திரம் போனது. பசி நேரத்தில் கை கொடுக்கிறவர் நினைத்தால் அந்தக் கையாலேயே ஆளை விலைக்கு வாங்கிவிடலாம்.

நம் பகுதிக்கு இது புரியாத பாடம் அல்ல. மழை பொய்க்கிற கரிசல் பூமி இது. வீட்டுக் கஷ்டத்துக்கு முன்பணம் வாங்கி, அதைக் கழிக்கப் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஒட்ட அனுப்பிய காலம் இங்கே இருந்தது. விடியும் முன்பே பேருந்து வந்து ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றிப் போனதை இன்றைய தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. சட்டமும் வேண்டியிருந்தது, சத்துணவும் வேண்டியிருந்தது. அவை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்த பிள்ளைகளில் பலர் இன்று நம் கோவிலில் முன்வரிசையில் நிற்கும் தகப்பன்மார், தாய்மார்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிர்கள்

2023 அக்டோபர் 17ஆம் நாளை நாம் மறக்க முடியாது. நம் வட்டாரத்தில் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் நடந்த வெடிவிபத்துகளில் 14 பேர் இறந்தார்கள். தீபாவளிக்கு நான்கு வாரமே இருந்த நேரம். அதற்கு முன்பு 2012 செப்டம்பர் 5இல் முதலிபட்டியில் நடந்ததையும் மறக்க முடியாது. ஒவ்வொரு முறையும் நிவாரணம் அறிவிக்கிறார்கள், வழக்குப் பதிகிறார்கள், கொஞ்ச நாளில் பேச்சு அடங்கிவிடுகிறது.

பொறுப்பாளர் தன்மையைப் பற்றிப் பேசிவிட்டு இதைப் பேசாமல் போனால், என் மறையுரை பாதிதான் ஆகும். பணமும் அரிசியும் மட்டும் நம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை. உயிர்களும் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்க வேண்டும், இவ்வளவு மருந்துதான் வைக்க வேண்டும், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அது ஓர் அளவு. உக்கிராணத்துச் சாவியை வைத்திருப்பவர் அளந்து கொடுக்க வேண்டிய அளவு அது.

உரிமம் ஒருவர் பெயரில், வேலை வேறொருவர் கையில் என்று 'உள்குத்தகை'க்கு விடுவதைப் பற்றி நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். திராட்சைத் தோட்டக் குத்தகைக்காரர் உவமையை (மாற் 12:1-9) வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது. வாடகை ஒருவருக்குப் போகிறது, லாபம் இன்னொருவருக்குப் போகிறது, சாவு மூன்றாமவர் வீட்டுக்குப் போகிறது. பதில் சொல்ல ஆள் இல்லை. நல்ல முறையில் ஆலை நடத்தும் முதலாளிகள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். கடவுள் அவர்களை ஆசீர்வதிப்பாராக. மற்றவர்களுக்கு ஆண்டவருடைய கேள்வி காத்திருக்கிறது. போர்மேனாக இருப்பவர்களே, நீங்களும் பொறுப்பாளர்கள்தான். 'சீசன் நேரம், கொஞ்சம் கூடுதலாக மருந்து வைத்துக்கொள்' என்று ஒரு வாய்ச்சொல் வரும்போது, மாட்டேன் என்று சொல்லும் தைரியத்துக்காக நான் உங்களுக்காக மன்றாடுகிறேன். வேலைக்குப் போகிற தாய்மார்களே, உங்கள் உயிரும் உங்களுடையது மட்டும் அல்ல. அது கடவுளுடையது, உங்கள் பிள்ளைகளுடையது. பீஸ் கணக்குக்காக அவசரப்பட்டு அதைப் பணயம் வைக்காதீர்கள்.

நம் வீட்டில் ஒரு பானை

முடிவாக ஒரு காரியத்தை உங்கள் முன் வைக்கிறேன். விபத்தில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகள், காயப்பட்டு வேலைக்குப் போக முடியாதவர்களின் பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். நிவாரணத் தொகை வந்து கடனுக்குப் போய்விடுகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளி இழுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஐடிஐக்கோ கல்லூரிக்கோ போக வழி இல்லாமல், அந்தப் பிள்ளையும் அதே ஆலை வாசலில் போய் நிற்கிறது. கடைசிப் பந்தி என்று நான் சொன்னது இவர்களைத்தான்.

ஆகவே நம் பங்கில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசிப் பானை வைப்போம். உலைக்கு அளந்ததிலிருந்து ஒரு பிடி. ரேஷன் அரிசியாக இருந்தாலும் பரவாயில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காணிக்கையோடு அதைப் பீடத்துக்குக் கொண்டுவாருங்கள். வாரக்கூலி வாங்குகிறவர்களும் கடை வைத்திருப்பவர்களும் மகமை போல ஒரு சிறு பங்கை அதனோடு சேர்க்கலாம். தீபாவளி போனசிலிருந்தும் சேர்க்கலாம். எந்த மதத்துப் பிள்ளை, எந்தத் தெருப் பிள்ளை என்று பார்க்காமல் அதைக் கொடுப்போம். சாரிபாத்து ஊர்ப் பெண்ணைப் புகழ்ந்த ஆண்டவர் வேலி போட்டுக் கொடுப்பதை ஏற்கமாட்டார்.

சாவி என் கையில் மட்டும் இருக்க வேண்டாம். பங்குப் பேரவையிலிருந்து இருவர், அன்பியங்களிலிருந்து மூன்று தாய்மார்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவும் செலவும் திருப்பலி முடிவில் வாசிக்கப்பட வேண்டும். கோவில் கதவில் ஒட்டப்பட வேண்டும். உதவி பெறும் பிள்ளையின் பெயரை மட்டும் வாசிக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு மானம் உண்டு. கணக்கை ஒப்புவி என்று ஆண்டவர் கேட்கும் நாளுக்கு இது நமக்கு நல்ல பழக்கமாகவும் இருக்கும்.

செபிப்போமாக. எல்லாவற்றுக்கும் உரிமையாளரான தந்தையே, எங்கள் கையில் இருப்பது உம்முடையது என்பதை நாங்கள் மறந்துபோகாதபடி காத்தருளும். பசித்தவருக்கு வேளை தவறாமல் பங்கிடும் மனத்தை எங்களுக்குத் தாரும். பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் உழைக்கும் உம் மக்களை இன்று மாலை பத்திரமாக வீடு வந்து சேரச் செய்யும். விபத்தில் இறந்த எங்கள் சகோதர சகோதரிகளுக்கு நித்திய இளைப்பாற்றியையும், அவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகளுக்கு எங்கள் வழியாக உம் பராமரிப்பையும் அளித்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.